பணயமும் பலனும்

பாரதக் கதையைக் கேட்டு வளர்ந்த நம்மவர், அஸ்தினாபுரத்துச் சூதாட்ட மண்டபத்தை நினைக்கும்போதெல்லாம் திரௌபதி எழுப்பிய கேள்வியையே நினைக்கிறார்கள். தன்னை முன்னமே தோற்றுவிட்ட ஒருவர் அதன் பின் மனைவியைப் பணயமாக வைக்க உரிமை உடையவரா என்று அவள் கேட்டாள். தருமத்தின் நெறி மிக நுட்பமானது என்று கூறிப் பீஷ்மர் விடை சொல்லாமல் நின்றார். திருதராஷ்டிரனின் புதல்வர்களுக்குள் விகர்ணன் ஒருவனே எழுந்து அவள் பக்கம் பேசினான். அது நியாய சபைக்கு உரிய கேள்வி. அதன் பெருமையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆயினும் அதற்கு முன்னால் எழவேண்டிய கேள்வி ஒன்று உண்டென்றும், அதைக் கேட்காமலே நாம் கடந்து வந்துவிட்டோமென்றும் எனக்குத் தோன்றுகிறது. தருமமும் நிதானமும் வடிவெடுத்தவர் என்று போற்றப்பட்டவரும், ராஜசூய யாகத்தை நடத்தி நாடெங்கிலுமுள்ள மன்னர்களின் திறையைப் பெற்றவருமான யுதிஷ்டிரர், விளைவு இன்னதென்று நிச்சயமில்லாத ஒரு காரியத்தில் இறங்கி, அடுத்தடுத்துப் பிழையான முடிவையே எடுத்துக்கொண்டு போனது எவ்வாறு? வேளாண்மையோ வியாபாரமோ, விவாகமோ வைத்தியமோ, பலன் கைக்கு வருமுன்னரே முடிவு செய்தாகவேண்டிய நிலையில்தான் மனிதர் வாழ்கிறார்கள். ஆகவே அந்தக் கேள்வி ஓர் அரசரை மட்டும் பற்றியதன்று.

வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் மூன்று. சகுனி வஞ்சனையாகக் காய் உருட்டினான் என்பது ஒன்று. விதி அப்படி இருந்தது என்பது மற்றொன்று. ஆட அழைத்தால் மறுப்பதில்லை என்று அவர் விரதம் பூண்டிருந்தார் என்பது மூன்றாவது. மூன்றும் பொய்யல்ல. ஆனால் மூன்றும் தோல்விக்குக் காரணம் கூறுகின்றனவே தவிர முடிவுக்குக் காரணம் கூறவில்லை. சகுனியின் வஞ்சகம் காய் ஏன் அப்படி விழுந்தது என்பதை விளக்கும்; அடுத்த பணயமாக எதை வைப்பது என்று அறிவித்த வாய் யுதிஷ்டிரருடையது. விரதம் அவரை மண்டபத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கலாம். கழுத்து ஆரத்தை இழந்தவன் நாட்டை இழக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று எந்த விரதமும் கட்டளையிடவில்லை. விதியைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

சபா பர்வத்தின் அந்தப் பகுதியை நிதானமாகப் படிப்பவர்களுக்கு ஒரு விசித்திரம் புலப்படும். அவ்வளவு பெரிய ஆட்டத்தில் எந்த எண் விழுந்தது, காய்கள் எப்படிக் கிடந்தன என்று வியாசர் சொல்வதே இல்லை. யுதிஷ்டிரர் பணயத்தை அறிவிக்கிறார், சகுனி காயை எடுக்கிறான், வென்றேன் என்கிறான், அவ்வளவுதான். விவரமெல்லாம் பணயத்தின் மேலேயே குவிந்திருக்கிறது. முதலில் பொன்னில் பதித்த கடல்மணி ஆரம். பிறகு பொற்காசு நிரம்பிய குடங்கள், புலித்தோல் போர்த்த ராஜரதம், ஆபரணம் பூண்ட தாதியர், ஏவலாளர், யானைகள், தேர்கள், சித்திரரதன் என்ற கந்தர்வன் அளித்த குதிரைகள், பொக்கிஷப் பெட்டிகள். இந்த இடத்தில் விதுரர் குறுக்கிட்டு ஆட்டத்தை நிறுத்தும்படி திருதராஷ்டிரனிடம் மன்றாடுகிறார், துரியோதனன் அவரை ஏசுகிறான், ஆட்டம் தொடர்கிறது. ஆநிரைகள் போகின்றன, நகரமும் நாடும் போகின்றன.

நாட்டைப் பணயமாக வைத்த கட்டத்தில் ஒரு சிறு குறிப்பு வருகிறது. பிராமணர்களும் அவர்களுடைய உடைமையும் நீங்கலாக என்று யுதிஷ்டிரர் கவனமாக விலக்குச் சொல்லிவிட்டே நாட்டை வைக்கிறார். பலரும் இதைப் படித்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள். எனக்கோ அந்தப் பர்வத்திலேயே திகைப்பூட்டும் இடம் இதுதான். தனக்கு உரிமையில்லாததைப் பணயம் வைக்கலாகாது என்ற சட்டம், எல்லாம் போய்க்கொண்டிருந்த அந்த நிலையிலும் அவருக்கு மறந்துபோகவில்லை. மறவாத அந்த மனத்தோடேயே அடுத்த சில கணங்களில் நகுலனை வைத்தார், சகாதேவனை வைத்தார், மாத்ரியின் மக்களை வைத்தவருக்குப் பீமார்ஜுனர் மட்டும் அருமையானவர்கள் போலும் என்று சகுனி குத்திக் காட்டியவுடன் அர்ஜுனனை வைத்தார், பீமனை வைத்தார், தம்மையே வைத்தார். பொருள் மிச்சமிருக்கும்போது ஒருவன் தன்னை இழப்பது பாவம், பாஞ்சாலி இருக்கிறாளே என்று சகுனி எடுத்துக்கொடுக்க, அவளையும் வைத்தார். பீஷ்மருக்கும் துரோணருக்கும் உடல் வியர்த்தது. கண்ணில்லாத திருதராஷ்டிரன் மட்டும் உள்ளத்து மகிழ்ச்சியை மறைக்கமாட்டாமல், வென்றாயிற்றா வென்றாயிற்றா என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

கவி காயைச் சொல்லாமல் பணயத்தைச் சொன்னதில் ஆழ்ந்த கருத்து இருக்கிறதென்றே நான் கொள்கிறேன். நிச்சயமின்மையின் நடுவே முடிவு செய்பவன், காய் எப்படி விழக்கூடும் என்பதையும், தவறி விழுந்தால் எது போகும் என்பதையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கவேண்டியவன். முன்னது கணக்கு, ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளலாம். பின்னதற்குக் கணக்கு மட்டும் போதாது. எது நம்முடையது, எது நம் கையில் ஒப்படைக்கப்பட்டது, எது போனால் திரும்பாது என்று பிரித்தறியும் விவேகம் வேண்டும். அபாயத்தை எடைபோடுவதில் மனிதர் செய்யும் தவறுகளைப் பற்றி இக்காலத்து அறிஞர்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி முன்னதைப் பற்றியே இருக்கிறது. குடும்பங்களையும் நாடுகளையும் கவிழ்த்தவை பெரும்பாலும் பின்னதில் நேர்ந்த தவறுகளே என்பது என் துணிபு.

காட்டிற்குப் போன பிறகு யுதிஷ்டிரர் தம் செயலைத் தாமே ஆராய்ந்து பார்க்கிறார். வன பர்வத்தில், பீமன் சினந்து பேசிய வார்த்தைகளுக்கு அவர் தரும் மறுமொழி ஒரு வாக்குமூலம் என்றே சொல்லத்தக்கது. துரியோதனனுடைய ராஜ்யத்தைக் கவர்ந்துகொள்ளலாம் என்ற ஆசையினாலேயே தாம் காயைத் தொட்டதாகவும், காய்கள் சகுனியின் விருப்பத்துக்கு இசைந்தே விழுவதைக் கண்ட பிறகு மனத்தை அடக்கியிருக்க முடியுமென்றும், ஆனால் கோபம் வந்து தைரியத்தைக் கொன்றுவிட்டதென்றும் அவர் கூறுகிறார். தொடங்கி வைத்தது லோபம். நிறுத்தவிடாமற் செய்தது குரோதம். உலகம் அவருக்காகக் கண்டுபிடித்துக் கொடுத்த சமாதானங்களைக் காட்டிலும் அவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்டது நேர்மையானது.

இந்தப் பகுப்புக்கு நம் காலத்தில் பரிசோதனை வாயிலாகவே ஓர் ஆதாரம் கிடைத்திருக்கிறது. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு இஸ்ரேலிய மனோதத்துவ அறிஞர்கள் 1979-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு வினா வருகிறது. சந்தேகமின்றி 3,000 கிடைக்கும் என்பது ஒருபுறம்; நூற்றுக்கு 80 பங்கு 4,000 கிடைக்கலாம், 20 பங்கு ஒன்றுமே கிடைக்காமற் போகலாம் என்பது மறுபுறம். எதை ஏற்பீர்கள் என்று கேட்டபோது, நூற்றுக்கு 80 பேர் நிச்சயமான 3,000-ஐயே ஏற்றார்கள். பிறகு அதே தொகைகளை நஷ்டமாக மாற்றி, 3,000-ஐக் கட்டாயம் இழப்பீர்களா, 80 பங்கு 4,000-ஐ இழக்கவும் 20 பங்கு ஒன்றும் இழக்காமல் தப்பவும் கூடிய சூதில் இறங்குவீர்களா என்று கேட்டார்கள். இம்முறை நூற்றுக்கு 92 பேர் சூதில் இறங்கினார்கள். சராசரி பார்த்தால் அந்தச் சூதின் மதிப்பு 3,200. லாபத்தில் அது நிச்சயத்தைவிட அதிகம், நஷ்டத்திலும் நிச்சயத்தைவிட அதிகம். இலாபமென்றால் அதிகத்தை விட்டுக் குறைவையும், நஷ்டமென்றால் குறைவை விட்டு அதிகத்தையும் மனம் நாடியிருக்கிறது! ஆதாயத்தின் முன்னே அச்சமுள்ளவனாக நிற்கும் அதே மனிதன், இழப்பின் முன்னே சூதாடியாகிறான். இந்த ஆராய்ச்சிக்காகக் கானமனுக்கு 2002-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி 1996-இலேயே காலமாகிவிட்டார்.

திருக்குறளில் சூது என்ற அதிகாரத்தைத் திறந்து பார்ப்பவர்கள் அதன் அமைப்பைக் கவனிக்கவேண்டும். அதன் முதற் குறள் தோல்வியைக் காட்டிப் பயமுறுத்துவதில்லை. வெற்றியையே ஆபத்தாகக் காட்டுகிறது. கடைசிக் குறளோ, இழக்குந்தோறும் பெருகும் பற்றைப் பேசுகிறது. வெற்றியில் தொடங்கி இழப்பில் முற்றும் நோய் என்று வள்ளுவர் அதைக் கண்டிருக்கிறார். லோபத்தில் தொடங்கிக் குரோதத்தில் முற்றியது என்று யுதிஷ்டிரர் சொன்னதும் இதுவே.

இது அரசர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் மட்டும் உரிய நோயென்று எண்ணிவிடக்கூடாது. கொங்கு நாட்டுத் தோட்டங்களில் ஆயிரம் அடியைத் தாண்டியும் தண்ணீர் காணாத ஆழ்துளைக் கிணறுகள் அநேகம் உண்டு. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பவர் நடந்து வந்து ஓரிடத்தைக் காட்டுவார். ரிக் வண்டி வந்து நிற்கும். அடிக்கு இவ்வளவு என்று பேச்சு முடியும். கம்பி ஒவ்வொன்றாக இறங்க இறங்க, வெள்ளைக் கல்மாவு புகைபோல் எழுந்து சுற்றியுள்ள தென்னை ஓலைகளின் மேல் படியும். அறுநூறு அடிக்குள் வராவிட்டால் நிறுத்திவிடுவது என்று தோட்டக்காரர் வீட்டிலே தீர்மானம் செய்துகொண்டுதான் வந்திருப்பார். அறுநூறாவது அடியிலும் புழுதியே பறக்கும். “இத்தனை அடி போட்டாச்சுங்க, இன்னொரு அம்பது அடி போட்டுப் பாத்தரலாம்” என்று ஒரு குரல் எழும். வண்டிக்காரர் சொல்வதற்குக் காத்திராமல் தோட்டக்காரரே சொல்லிவிடுவதும் உண்டு. காலையில் தீர்மானம் செய்தவரும் மாலையில் அதை மீறுகிறவரும் ஒருவரே. இடையில் பூமிக்கு அடியில் இருப்பதைப் பற்றிய அறிவு கூடவில்லை, கூடியதெல்லாம் செலவு. போன பணத்தைப் போனதாக ஒப்புக்கொள்ள மனம் இடந்தராத வரையில், இருக்கிற பணமும் அதைத் தேடிக்கொண்டு அதே துளைக்குள் இறங்குகிறது. அவரை மூடர் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. காய்ந்துகொண்டிருக்கும் தென்னையைத் தினந்தோறும் பார்ப்பவர் அவர், நான் பார்ப்பவனல்லன். ஆனாலும் கடைசி முந்நூறு அடிக்குக் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், வீட்டு அம்மாளின் நகை கூட்டுறவுச் சங்கத்தில் அடகில் இருக்கிறது என்ற விடை பெரும்பாலும் கிடைக்கும்.

இங்கேதான் நான் கூறிய இரண்டாவது நிறுவை வருகிறது. காயின் கணக்கை ஆராயப் புகுந்த ஐரோப்பியக் கணித சாஸ்திரமும் உண்மையில் பணயத்தைப் பற்றிய கேள்வியிலிருந்தே வளர்ந்தது. 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில் முக்கியமான வினா, ஆட்டம் பாதியில் நின்றுவிட்டால் வைத்த பணயத்தை ஆடுபவர்கள் எந்த விகிதத்தில் பகிர்ந்துகொள்வது நியாயம் என்பதுதான். பிறகு 1738-இல் டேனியல் பெர்னூலி ஒரு படி மேலே போனார். பரம ஏழை ஒருவன் கையில் ஒரு சீட்டு இருக்கிறது. 20,000 பொற்காசு விழவும் ஒன்றுமே விழாமற் போகவும் சரிபாதி வாய்ப்பு. அதை அவன் 9,000-க்கு விற்றுவிட்டால் முட்டாளா என்று கேட்டு, இல்லை என்று அவரே விடை கூறினார்; அதை 9,000-க்கு வாங்க மறுக்கும் செல்வனே புத்தியில்லாதவன் என்றும் சொன்னார். ஒரே சீட்டு, ஒரே கணக்கு. வைத்திருப்பவனுக்கு எது மிஞ்சும் என்பதைப் பொறுத்து விவேகம் வேறுபடுகிறது. வயிற்றைக் கட்டியாவது விதைநெல்லைக் காக்கும் குடியானவனுக்கு இது புதிய செய்தியன்று. சராசரி எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், ஒரு முறை தவறினால் மறுமுறை இல்லாத காரியத்தில் சராசரிக்கு வேலையில்லை என்பதை அவன் அறிவான்.

பெர்னூலியின் ஏழை விற்றது அவனுடைய சொந்தச் சீட்டு. அடகுக்குப் போன நகை தோட்டக்காரருடையதா? பாரதியார் பாஞ்சாலி சபதத்தில், நாட்டைப் பணயம் வைத்த தருமனை மன்னிக்க மறுத்து, காவலுக்கு நிற்பவன் காக்கும் பொருளுக்கு உடையவனாகிவிடமாட்டான் என்ற நியாயத்தை முன்வைத்தே அவனைக் கடிந்துகொள்கிறார். நாட்டைப் பற்றி அவர் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும். நண்பனுடைய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடும் தகப்பன், மகளின் கல்யாணத்துக்கென்று சேர்த்த தொகையைப் பங்கு வியாபாரத்தில் இறக்கும் தமையன், கோயில் நிலத்தின் குத்தகையை வேண்டியவருக்குக் குறைத்துவிடும் தர்மகர்த்தா: இவர்கள் எல்லோரும் வாய்ப்பைத் தப்பாகக் கணித்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. சில சமயம் கணக்குச் சரியாகவே இருக்கும். வைத்த பொருள்தான் அவர்களுடையதன்று. லாபம் வந்தால் தனக்கும் நஷ்டம் வந்தால் பிறருக்கும் என்று அமைந்துவிட்ட இடத்தில் எவனுக்கும் தைரியம் எளிதாக வந்துவிடுகிறது. திருதராஷ்டிரனுடைய உற்சாகம் அப்படிப்பட்டதுதான்.

பாஸ்கலின் பெயரை எடுத்ததால் ஒரு வார்த்தை. அவர் இறந்தபின் 1670-இல் வெளிவந்த சிந்தனைகள் என்ற நூலில், கடவுள் உண்டா என்பதையே ஒரு பந்தயமாக நிறுத்தி, உண்டென்று வைத்து வாழ்பவனுக்கு இழப்பு அற்பம், ஆதாயம் அளவற்றது என்று வாதித்தார். பக்தியை வியாபாரமாக்கிவிட்டார் என்று அவரைக் குறை கூறியவர்கள் உண்டு. எந்தக் கடவுள் என்று கேட்டு மடக்கியவர்களும் உண்டு. இரண்டாவது ஆக்ஷேபத்துக்கு அவரிடம் தக்க சமாதானம் இல்லையென்றே நினைக்கிறேன். ஆனாலும் அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் பணயமாக வைக்கச் சொன்னது ஒவ்வொருவனுடைய சொந்த வாழ்வை, பிறன் வாழ்வையன்று.

இனி விதி. நிச்சயமில்லாத காரியங்களில் தெய்வத்தின் உத்தரவைக் கேட்பது நம்மிடையே தொன்றுதொட்டு வரும் பழக்கம். இரு நிறப் பூக்களைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சந்நிதியில் வைத்து, எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று மனத்திற் கொண்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லிப் பிரித்துப் பார்ப்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். இரு வழிகளும் ஏறக்குறைய சமமாகத் தோன்றும்போது, முடிவைத் தன் கையிலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு அமைதியடைவது மனித இயல்புக்கு ஏற்ற உபாயந்தான். வந்த பூ மனத்துக்குப் பிடிக்கவில்லையென்றால் இன்னொரு முறை கட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தாம் நகைப்புக்கு உரியவர்கள். உத்தரவு கேட்க வந்தவர்கள் உண்மையில் உத்தரவு போடவே வந்திருக்கிறார்கள்.

விதியைப் பழிப்பதும் இப்படித்தான் நடக்கிறது. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் கொடுத்தார், தெரிந்து செயல்வகைக்கும் ஓர் அதிகாரம் கொடுத்தார், ஆள்வினையுடைமைக்கும் கொடுத்தார். தேர்ந்தெடுப்பதும் ஊழின் வேலையே என்றிருந்தால், ஆராய்ந்து செய்க என்று ஒரு புலவர் பத்துக் குறள் பாடியது வீண் வேலையாகும். ஊழின் ராஜ்யம் பலனில் தொடங்குகிறது. பணயத்தை வைக்கும் கை நம்முடையது. கீதையில் கண்ணபிரான் கருமத்தில் உனக்கு அதிகாரம் உண்டு, பலனில் இல்லை என்ற கருத்தை உரைத்ததை வைராக்கிய உபதேசமாகவே நாம் கொண்டுவந்திருக்கிறோம். செயலை மதிப்பிடுவதற்கான உபதேசமும் அதில் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. பலன் செய்தவனுக்கு உரியதன்றென்றால், பலனைக் கொண்டு செய்தவனைப் புகழ்வதும் இகழ்வதும் எப்படிப் பொருந்தும்? முடிவு செய்த வேளையில் அவனுக்குத் தெரிந்திருந்தது என்ன, தெரிந்துகொண்டிருக்கக் கூடியது என்ன, அவன் வைத்தது எது என்ற இவற்றைக் கொண்டே அவனை எடைபோடவேண்டும். உலகமோ வென்றவனைத் தீர்க்கதரிசி என்றும் தோற்றவனை அறிவிலி என்றும் கூறி ஓய்ந்துவிடுகிறது. யுதிஷ்டிரர் அந்தக் கடைசி ஆட்டத்தில் வென்றிருந்தால், தம்பியரும் நாடும் ஒரே காயில் மீண்டிருந்தால், திரௌபதியை வைத்தது சரியாகியிருக்குமா? ஆகாது என்று எல்லோரும் உடனே சொல்வோம். உண்மையிலேயே அப்படி நினைக்கிறோமா என்பதைச் சோதிக்க வன பர்வத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

என்னைப்போல் துரதிருஷ்டசாலி உண்டோ என்று யுதிஷ்டிரர் காட்டில் புலம்பியபோது, பிருகதசுவர் என்ற முனிவர் அவருக்குச் சொன்னது நளன் கதை. கலி புகுந்த நளன் தம்பி புஷ்கரனோடு மாதக்கணக்காகச் சூதாடி எல்லாவற்றையும் இழந்தான். இனி உன்னிடம் தமயந்தி ஒருத்திதான் மிச்சம், வேண்டுமானால் அவளை வை என்று புஷ்கரன் சிரித்தபோது, நளன் நெஞ்சு வெடிப்பவன்போல் நின்று, ஒரு வார்த்தையும் பேசாமல், ஆபரணங்களைக் கழற்றி வைத்துவிட்டு ஒற்றை ஆடையோடு வெளியேறினான். கலி பிடித்திருந்த நிலையிலும் அந்த ஒன்றை அவன் வைக்கவில்லை.

பிறகு அவன் வாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாகி, அயோத்தி மன்னன் ரிதுபர்ணனை விதர்ப்ப தேசத்துக்கு ஓட்டிச் செல்கிறான். வழியில் ஒரு தான்றி மரம். முற்காலத்தில் சூதாடு காயாகப் பயன்பட்டது அந்தத் தான்றியின் கொட்டைதான். ரிதுபர்ணன் ஓடும் தேரிலிருந்தே அதைப் பார்த்து, உதிர்ந்து கிடப்பவை மரத்திலிருப்பவற்றைக் காட்டிலும் இலையில் நூற்றொன்றும் காயில் நூற்றொன்றும் கூடுதல் என்றும், இரண்டு கிளைகளில் உள்ள காய்கள் 2,095 என்றும் சொல்கிறான். நளன் நம்பாமல் தேரை நிறுத்திவிட்டு, மரத்தை வெட்டி எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. தன் அசுவ சாஸ்திரத்துக்கு மாற்றாக அட்ச ஹிருதயம் என்ற அந்த வித்தையை அவன் பெற்றுக்கொண்ட கணத்திலேயே, முன்பு நளனைக் கடித்த நாகமான கார்க்கோடகனின் விஷத்தைக் கக்கிக்கொண்டு கலி அவனை விட்டு வெளியேறுகிறான். கணக்கறிவு வந்ததும் மதிமயக்கம் நீங்கியது என்று இக்காலத்தவர் ஒருவர் எழுதிய உருவகக் கதை போலவே இருக்கிறது! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஆனால் கதை இங்கே முடிந்துவிடவில்லை.

தமயந்தியோடு மறுபடி சேர்ந்த நளன் ஒரு மாதம் கழித்து, ஒரு தேர், 16 யானைகள், 50 குதிரைகள், 600 காலாட்கள் என்ற சிறு பரிவாரத்தோடு நிடத நாட்டுக்குப் போய், புஷ்கரனை மீண்டும் ஆட அழைக்கிறான். ஆடாவிட்டால் போருக்கு வா என்கிறான். வைக்கும் பணயம், தான் ஈட்டிய பொருள் அனைத்தும், தமயந்தியும், தன் உயிரும். புஷ்கரன் தமயந்தி தனக்கு ஏவல் செய்யப் போகிறாள் என்று களிப்போடு உளறுகிறான். நளன் ஒரே ஆட்டத்தில் வென்று, தம்பியை மன்னித்து அனுப்பிவிடுகிறான். படிக்கிறவர்கள் பெருமூச்சு விட்டு மகிழ்கிறார்கள். பிருகதசுவரும் அட்ச ஹிருதயத்தை யுதிஷ்டிரருக்கு உபதேசித்துவிட்டு விடைபெறுகிறார். அதைக் கற்ற யுதிஷ்டிரர் பிறகு விராட நகரத்தில் கங்கன் என்ற பெயரோடு ராஜசபையில் காய் உருட்டும் துணைவராக இருந்து, பிருகந்நளை என்ற பெயரில் மறைந்திருந்த அர்ஜுனனைப் புகழ்ந்து பேசியதற்காக மன்னன் வீசிய காயை முகத்திலே வாங்கி மூக்கில் இரத்தம் ஒழுக நின்றார் என்பது கதையின் தொடர்ச்சி.

அறியாமையும் ஆவேசமும் பிடித்திருந்தபோது வைக்க மறுத்த பொருளை, அறிவு தெளிந்து, வாய்ப்பு முழுவதும் தன் பக்கம் இருக்கிறதென்று நிச்சயம் வந்த பிறகு நளன் வைத்துவிட்டான். கூடுதலாகக் கற்ற வித்தை அவனுக்கு ஆட்டத்தை வென்று கொடுத்தது. இன்னதை வைக்கலாகாது என்ற பழைய கூச்சத்தை அது எடுத்துக்கொண்டு போய்விட்டது. வெல்வது உறுதியென்றால் அது பணயமே ஆகாது என்று அவனுக்காக வாதாடலாம். சகுனியின் காய்கள் எப்படி விழும் என்று அறியாமல், தாமும் வெல்லலாமென்று நம்பித்தான் யுதிஷ்டிரரும் உட்கார்ந்தார்; நம்பிக்கையின் அளவு வேறுபட்டதே தவிர, வைத்த பொருளின் தன்மை வேறுபடவில்லை. நம் புலவர்களும் கதாகாலட்சேபக்காரர்களும் யுதிஷ்டிரரைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டித்திருக்கிறார்கள். நளனை அந்தக் கடைசி ஆட்டத்துக்காகக் கண்டித்த ஒருவரை நான் கேட்டதில்லை. காரணம், அவன் வென்றான் என்பது தவிர வேறில்லை.

அந்தக் காய் உருண்டபோது தமயந்தி நிடத நாட்டில் இல்லை. விதர்ப்பத்தில் தந்தையின் வீட்டில் இருந்தாள். அவளுடைய சம்மதத்தைக் கேட்டதாகக் கதையில் இல்லை. திரௌபதி கேட்ட கேள்வியைக் கேட்கப் புஷ்கரனின் சபையில் ஒருவரும் எழுந்திருக்கவும் இல்லை. யுதிஷ்டிரர் குற்றவாளியென்றால் நளனும் குற்றவாளியே.